பதினைந்து வயது சஃபாரியும் புது பிக்கப்பும்: வடசென்னையிலிருந்து நான்கு நாள்

ஜனவரி 24, 2025, வெள்ளி: மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயில்

எங்கள் தெருவில் எதிரே ஒரு குட்டியானை வந்துவிட்டால் இரண்டு வண்டிகளில் ஒன்று முனைவரை பின்வாங்கியே ஆக வேண்டும். தண்டையார்பேட்டையின் அப்படிப்பட்ட தெருவுக்குள் இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மச்சான் தன் இசுசு வி-கிராஸ் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். பால்காரரின் சைக்கிளுக்கும் இரண்டு வீட்டுக் கோலங்களுக்கும் வளைந்து கொடுத்து அவன் அதை என் டாடா சஃபாரிக்குப் பின்னால் நிறுத்தியபோது, மூன்றாம் வீட்டுப் பாட்டி வெளியே வந்து, "யார் வீடு காலி பண்றீங்க?" என்று கேட்டார். என் வண்டியின் நீளம் 4,650 மில்லிமீட்டர், அவனுடையது அதைவிட அறுநூற்றுச் சொச்சம் கூடுதல். அறுநூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. எங்கள் தெருவிலோ அது ஒரு வீட்டு வாசல்.

பயணத்துக்குக் காரணம் இதுதான். பிப்ரவரி நடுவில் என் சஃபாரி பதிவாகிப் பதினைந்து ஆண்டு நிறைகிறது. பதிவைப் புதுப்பிப்பதா, வண்டியை விற்பதா என்று ஒரு மாதமாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்க, சென்ற ஆண்டு பிக்கப் வாங்கிய மச்சான் ஒரு யோசனை சொன்னான். நான்கு நாள் இரண்டு வண்டிகளையும் எடுத்துக்கொண்டு வடக்கே போவது, மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்பது அவன் கணக்கு. அம்மாவுக்கு ஒரே நாளில் மூன்று அம்மனைத் தரிசிக்கும் வேண்டுதல் பாக்கி இருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் பூநாரை பார்க்க வேண்டும். மச்சான் மனைவியையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்.

முதல் சோதனை அம்மாவின் முழங்காலில் நடந்தது. சஃபாரியில் அவர் ஏறும் முறை இத்தனை ஆண்டுகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இடது கையால் கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, "முருகா" என்று சொல்லி, ஒரு காலைப் படியில் வைத்து, உடம்பைத் திருப்பி, இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் மற்றக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். பிக்கப்பிலும் படி இருந்தது, கைப்பிடியும் இருந்தது. ஆனால் பின்கதவின் திறப்பு குறுகலாக இருந்ததால் உடம்பைத் திருப்ப இடம் போதவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, பின்னாலிருந்த சரக்குத் தொட்டியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்து, "இது ஏறுற வண்டியா, ஏத்துற வண்டியாப்பா?" என்று மச்சானைக் கேட்டார். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி நான்கு நாளும் எங்களோடு வரும் என்று அப்போது தெரியவில்லை.

காலையில் பிக்கப்பை நான் ஓட்டினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இடப்பக்கம் சுவர் கட்டியதுபோல நின்றிருந்தன. எர்ணாவூரைத் தாண்டி எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலைச் சந்திப்பைப் பிடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இந்த ஊர்தலில் புது வண்டியின் அருமை தெரிந்தது. கிளட்ச் மெத்தென்று இறங்கியது, ஏசி ஒரு கணமும் தளரவில்லை, எஞ்சின் சத்தம் பக்கத்து வீட்டுப் பேச்சுபோல எங்கோ கேட்டது. 1.9 லிட்டர் எஞ்சினிலிருந்து 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவிசை. என் சஃபாரியின் 2.2 லிட்டர் டைகார் எஞ்சினோ 140 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டரும் தருவது. சிறிய எஞ்சின் பெரியதை முந்தியிருக்கிறது. பின்னால் சஃபாரியை ஓட்டி வந்த மச்சான் மேலூரில் இறங்கியதும் இடது தொடையைத் தடவிக்கொண்டே, "மாமா, இது கிளட்ச்சா, உடற்பயிற்சிக் கூடமா?" என்றான்.

அதே ஊர்தலில் பிக்கப்பின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கும் எரிந்தது. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கப்படும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க அது ஏறக்குறைய 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் நகரும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கையேட்டைப் புரட்டிய மச்சானின் மனைவி, நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டினால் விளக்கு தானே அணையும் என்று வாசித்துச் சொன்னார். பழுது ஒன்றுமில்லை, இந்த வகை வண்டிகளின் இயல்பே அதுதான். ஆனாலும் வடசென்னையில் குடியிருப்பவர் டீசல் வாங்கும்முன் இதை யோசிப்பது நல்லது. என் பழைய வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கரியை எங்கும் சேர்த்து வைப்பதில்லை, ஊருக்கே கொடுத்துவிடுகிறது. இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

காலையில் மேலூரில் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்பது வரிசை. பௌர்ணமியும் வெள்ளியும் சேரும் நாளில் கூட்டம் நெரியும். இன்று பௌர்ணமி இல்லாததால் நிம்மதியாகத் தரிசனம் கிடைத்தது. திருவொற்றியூர்த் தேரடியில் சஃபாரிக்கு ஒரு வளையல் கடை ஓரமாக இடம் கிடைத்துவிட்டது. பிக்கப்புக்கு மூன்று சுற்று சுற்றியும் கிடைக்காமல் மச்சான் வண்டியிலேயே இருந்து, முறை மாற்றித்தான் அம்மனைப் பார்த்தான். வெளியே வந்து அறுபது ரூபாய்க்குப் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். சாம்பாரை மூன்றாம் முறை கேட்டபோதும் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. இந்தக் கோவிலின் மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்கு "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்தார். பிறகு ஊர் எல்லையைத் தாண்டிப் பார்வையை இழந்தார். அம்மா இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிட்டு, வண்டிச் சாவியை வைத்திருந்த என் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தார்.

வண்டிகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். 1955-இல் என்ஃபீல்டு புல்லட்டும் இங்கேதான் கால் வைத்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து பின்னர் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை, வடக்கே எண்ணூர் போகும் வழியில் இருக்கிறது. என் அப்பாவின் தலைமுறையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இவற்றில் ஏதோ ஒன்றின் சங்கு ஒலிக்கு எழுந்தவர்கள். ஆகவே எங்கள் பகுதியில் யாரும் எந்த வண்டியைப் பார்த்தும் மலைத்துவிடுவதில்லை. கருத்து மட்டும் ஆளுக்கு இரண்டு சொல்வார்கள்.

முல்லைவாயிலிலிருந்து வீடு திரும்பியபோது இரவு ஒன்பது. கால் வீங்காத ஒரே ஆள் அம்மா.

ஜனவரி 25, சனி: காசிமேடு, பழவேற்காடு

விடியற்காலை நான்கு மணிக்குக் காசிமேடு. பனி லேசாக இருந்தது. ஏலம் விடுபவர்களின் குரல் அதைக் கிழித்துக்கொண்டு வந்தது. சங்கரா கிலோ 300, நல்ல வஞ்சிரம் 900 என்று சொன்னார்கள். பேரம் பேசி இரண்டிலும் கொஞ்சம் வாங்கினோம். சஃபாரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிக்கப்பை நிறுத்திய ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் வந்து வாடகை கேட்டார்கள். வெள்ளைப் பலகை, சொந்த உபயோக வண்டி என்று மச்சான் முதல் இருவருக்கு விளக்கினான். மூன்றாவதாக வந்த அக்கா விளக்கத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. "மீஞ்சூர் பக்கம்தானே போறீங்க? ரெண்டு கூடைதான் தம்பி, ஒரு ஓரமா வெச்சுக்கறேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கூடைகள் தொட்டியில் இருந்தன. அவர் பிடித்து வைத்திருந்த ஷேர் ஆட்டோ வராமல் போயிற்றாம்.

அக்காவைச் சஃபாரியின் முன்னிருக்கையில் உட்கார வைத்தோம். மீஞ்சூர் வரையில் அவர் பேசியதில் பாதி மீன் விலை, மீதி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய கதை. அந்தச் சமயம் எண்ணூர் மீன் என்றாலே வாங்குபவர்கள் கையை எடுத்துக்கொண்டார்களாம். காசிமேட்டு மீனையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்களாம். இறங்கும்போது காசு கொடுக்க வந்தார். மச்சான் மறுத்ததும் இரண்டு கை நிறைய நெத்திலியை அள்ளி ஒரு பையில் போட்டு என் மனைவியின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கூடைகளிலிருந்து வழிந்த மீன் தண்ணீர் தொட்டியின் வரிப்பள்ளங்களில் தேங்கி நின்றது. பொன்னேரியில் அத்தை வீட்டு மோட்டாரைப் போட்டு இரண்டு வாளித் தண்ணீர் அடித்ததும் தொட்டி பளிச்சென்றாகிவிட்டது. மச்சான் வெற்றிக் களையோடு என்னைப் பார்த்தான். அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2014-இல் சஃபாரியின் பின்பகுதியில் வைத்திருந்த இறால் டப்பா ஒன்று கவிழ்ந்தது. விரிப்பை எடுத்துத் துவைத்தோம், எலுமிச்சம்பழம் வைத்தோம், காப்பித்தூள் தூவினோம், கற்பூரம் கட்டினோம். இன்றைக்கும் மழைக்காலத்தில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு போனால் அந்த இறால் எங்களோடு வரும். சாமானையும் ஆட்களையும் ஒரே அறையில் வைக்கும் வண்டியின் குறை இது. பிக்கப்பில் சாமானுக்குத் தனி வாசல். அந்த அளவில் மச்சான் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

நியாயம் மாறும் இடமும் உண்டு. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு அன்று நான் பிக்கப்பின் பின்னிருக்கையில் போனேன். பெரும்பாலான இரட்டைக் கேபின் பிக்கப்களைப் போல இதிலும் பின்சுவருக்கு அடுத்து தொட்டி தொடங்கிவிடுவதால், சாய்மானத்தைச் சாய்க்க வழி இல்லை. வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்ததுபோல நிமிர்ந்தே இருக்க வேண்டும். பின்சக்கரங்களைத் தாங்குவது சுமைக்கென்று அமைத்த பட்டை ஸ்பிரிங். தொட்டி காலியாக இருக்கும்போது சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் எண்ணி விழுந்தது. சஃபாரியில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். அதில் அம்மா பொன்னேரியில் கண்ணை மூடியவர் பழவேற்காட்டில்தான் திறந்தார். குறட்டை கூட விட்டாராம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அதில் இன்று பார்க்க அதிகம் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்து மகள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். 2011 கிறிஸ்துமஸ் அன்று நடந்த படகு விபத்துக்குப் பிறகு ஏரியில் உல்லாசப் படகுக்குத் தடை இருப்பதால் கரையோடு நின்றுகொண்டோம். ஒரு வீட்டுத் திண்ணையில் நண்டுக் குழம்பும் சோறும் ஆளுக்கு 200 ரூபாய். இரண்டாம் முறை சோறு போட்ட அந்த வீட்டுக்கார அம்மா, பிள்ளைகளுக்குக் காசு வேண்டாம் என்றார்.

மாலையில் கலங்கரை விளக்கப் பக்கம் கடற்கரைக்குப் போனதில்தான் வினை. சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நான் சஃபாரியை நிறுத்திவிட்டேன். அது பின்சக்கர இழுவை வண்டி, எனக்கும் தைரியம் குறைவு. மச்சானுடையது நான்கு சக்கர இழுவை. குமிழைத் திருப்பினால் போதும் என்று சொல்லிக்கொண்டே, திருப்ப மறந்து, டயரில் நெடுஞ்சாலைக்கு அடித்த காற்றோடு அப்படியே மணலில் இறங்கினான். நாற்பது அடி போயிருக்கும். பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி உட்கார்ந்துவிட்டது. பிறகு குமிழைத் திருப்பினான். வண்டியை நியூட்ரலில் வைத்து, விசை கூட்டும் கீழ் விகிதக் கியருக்கும் மாற்றினான். அதற்குள் மணல் அச்சைத் தொட்டிருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கு மீனவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒன்றும் பேசாமல் டயரை ஒரு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, "காத்த எறக்கு" என்றார். நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கி, படகு தள்ளும் கட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் கொடுத்தோம். வலைக்கயிற்றின் ஒரு முனையை பிக்கப்பில் கட்டி, மறுமுனையைச் சாலையில் நின்ற என் சஃபாரியின் கொக்கியில் மாட்டினார்கள். நான் முதல் கியரில் மெல்ல இழுத்தேன். கிளட்ச் வாசனை மூக்கில் ஏறியது. நாலு பேர் தோள் கொடுக்க, அதன் நான்கு சக்கரமும் பிடிக்க, வெளியே வந்தது. யார் இழுத்து வந்தது என்று இரவு அத்தை வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. காற்றை இறக்கியதால்தான் என்பது என் நேர்மையான கருத்து. நான் அதைச் சபையில் சொல்லவில்லை.

வண்டி வெளியே வந்ததும் பெரியவர் கூலி எதுவும் கேட்கவில்லை. நனைந்த வலைகளைக் காட்டி, குப்பம் வரைக்கும் போட்டுக்கொண்டு போக முடியுமா என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு: ஸ்ரீசிட்டி, சூலூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி

ஆந்திராவில் டீசல் விலை கூடுதல் என்பதால் எல்லைக்கு முன்பே லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சத்துக்கு இரண்டு வண்டிகளின் டீசல் டேங்கையும் நிரப்பிக்கொண்டோம். குடியரசு நாள், பங்கில் மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய் கரைவதற்குள் ஒரு சுங்கச்சாவடியில் தகராறு. பிக்கப்பின் தொட்டியைப் பார்த்த ஊழியர் அது சரக்கு வண்டி, கார் கட்டணம் செல்லாது என்று கூறித் தடுப்பை இறக்கிவிட்டார். மச்சான் பதிவுச் சான்றை எடுத்துக் காட்ட, அவர் மேலாளரைக் கூப்பிட, பின்னால் ஒலிப்பான்கள் அலற, பதினைந்து நிமிடம் போயிற்று. கடைசியில் கார் கட்டணத்துக்கே விட்டார்கள். அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் தெருப் பாட்டி கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார், குரல் மட்டும் கொஞ்சம் உரக்க.

நெடுஞ்சாலையில் இருபத்தைந்து நிமிடம் ஒரே சீராக ஓடியதும் பிக்கப்பின் மஞ்சள் விளக்கு அணைந்தது. மச்சான் மனைவி கைதட்டினார். தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டி. இசுசுவின் தொழிற்சாலை 2016-இல் இங்கே திறக்கப்பட்டது. மச்சானின் வண்டி பிறந்த இடம் என்று வாயிலுக்கு எதிர்ப்புறம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். பிறந்த வீட்டுக்குப் பெண்ணைக் கூட்டி வந்ததுபோல அவன் முகம் கனிந்திருந்தது. காவலாளி சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார்.

சூலூர்பேட்டையில் 150 ரூபாய்க்கு இலைச் சாப்பாடு. கோங்குரா, பருப்புப்பொடி, அதன்மேல் தாராளமாக நெய். பொடியை நெய்யில் பிசைந்த மகன் அதோடு நிறுத்திக்கொண்டான். சாம்பார் வரை போகவே இல்லை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் நடுவே ஓடுகிறது. சாலையோரம் டீ விற்றவர், வரும் புதன்கிழமை காலையில் நூறாவது ராக்கெட் கிளம்பப்போகிறது, அன்றைக்கு வந்திருக்க வேண்டும் என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். தொலைவில் தண்ணீருக்குமேல் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. சற்று நேரம் பார்த்த பிறகுதான் அது பூநாரைக் கூட்டம் என்று புரிந்தது. பிள்ளைகள் பிக்கப்பின் தொட்டியில் ஏறி நின்று பார்த்தார்கள். அம்மாவுக்குத் தொட்டியின் பின்கதவைத் தாழ்த்தித் திண்ணையாக்கி உட்கார வைத்தோம். ஏறத்தான் இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு, "இதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். மச்சான் அதை உடனே என்னிடம் இரண்டு முறை திருப்பிச் சொன்னான்.

திரும்பும் வழியில் கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் என் வண்டியின் வெப்ப முள் சட்டென்று ஏறியது. மூடியைத் தூக்கினால் ரேடியேட்டர் மேல்குழாய் பட்டையிலிருந்து நழுவி, வெந்நீர் முழுவதும் சாலையில். குற்றம் வண்டியுடையதல்ல; தீபாவளிக்கு முன் அந்தப் பட்டையை நானே மாற்றி, சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவனுக்குத் தன்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொள்ளும் வியாதி வரும். எனக்கு அது நாள்பட்டது.

நின்ற இரண்டாம் நிமிடத்தில் ஒரு லாரி ஒதுங்கியது. ஓட்டுநர் இறங்கவில்லை, கிளீனர் பையன் இருபது லிட்டர் கேனோடு ஓடி வந்தான். எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தபோது இருசக்கர வண்டியில் போன ஒருவர் திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பட்டறையைச் சொல்லி, வழி காட்ட முன்னாலேயே போனார். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். குழாயின் நைந்த நுனியை ஒரு விரல் அகலத்துக்கு அறுத்தெறிந்து, மீண்டும் பொருத்தி, புதுப் பட்டை போட்டு முறுக்கினார். தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, 250 ரூபாய் என்றார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே இரண்டு வண்டிகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் கிளம்பியவர்கள் என்பதை மச்சான் சொன்னபோது சிரித்தார். 1988-இல் டாடா கொண்டுவந்த டாடாமொபைல் பிக்கப்பின் சட்டத்திலிருந்துதான் 1991-இல் சியரா வந்தது, 1994-இல் சுமோ வந்தது, 1998-இல் சஃபாரியும் வந்தது என்று விரல் விட்டு எண்ணினார். "உங்க வண்டியோட தாத்தாவும் பிக்கப்தான் சார்" என்றார். பதினைந்து ஆண்டாக இந்த வண்டியை வைத்திருக்கிறேன். அதற்குத் தொட்டி கட்டிய தாத்தா உண்டு என்பது எனக்கு இன்றுதான் தெரியும். மச்சான் சொத்துப் பத்திரம் கையில் கிடைத்தவன்போல நின்றான்.

பொன்னேரி திரும்பும்போது இதையெல்லாம் கோத்துப் பார்த்தேன். மூன்று நாளாக என் வண்டி எங்கே நின்றாலும் யாராவது வந்து உதவினார்கள்; மச்சானின் வண்டி எங்கே நின்றாலும் யாராவது வந்து உதவி கேட்டார்கள். குதிரைத்திறன் கணக்கில் இது வராது. வண்டி வாங்குபவன் தன் குணத்தைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும். மச்சான் மறுக்கத் தெரியாதவன், ஆனால் நாலு பேர் தன்னைத் தேடி வருவதில் மகிழ்பவன். எனக்கு மறுக்கவும் தெரியாது, மகிழவும் தெரியாது.

அத்தை வாசலில் காத்திருந்தார். அறுவடை முடிந்த புது அரிசி, மூன்று மூட்டை, சென்னையில் மூன்று வீடுகளுக்கு. "வண்டிலதான் இடம் இருக்கே" என்றார்.

ஜனவரி 27, திங்கள்: பொன்னேரி, செங்குன்றம், மாதவரம், வீடு

அரிசி மூட்டைகள் ஏறியதும் பிக்கப் வேறு வண்டி ஆகிவிட்டது. பட்டை ஸ்பிரிங் லேசாக அமுங்கி, காலியாக இருந்தபோது துள்ளிய பின்பகுதி யானை நடைபோல நிதானப்பட்டது. பின்னிருக்கையில் மச்சானின் மனைவி முதல் முறையாகத் தூங்கினார். இந்த வண்டியின் சுகம் சுமையில் இருக்கிறது. அதை வாங்குபவர்கள் தொட்டியில் எப்போதும் இரண்டு மூட்டை மணலாவது வைத்திருக்கலாம்.

செங்குன்றத்தில் டீ, மாதவரத்தில் எனக்குத் தெரிந்த பட்டறை. சஃபாரியை மேலே தூக்கி அடியில் விளக்கடித்துப் பார்த்த மேஸ்திரி கிளட்ச் செட், குழாய்கள், முன்பக்க புஷ்கள், இரண்டு டயர் எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். பழவேற்காட்டு இழுவையில் கிளட்ச்சின் ஆயுளில் பாதி போயிருக்கும் என்றார்; மச்சான் அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய். அதோடு பசுமை வரி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட ஒரு நாள் விடுப்பு. அங்கேயே இருந்த தரகர் 1,90,000 தருவதாகச் சொன்னார். அம்மா கண்ணாடியை இறக்கி, "வயசானா எல்லாத்துக்கும்தான் செலவு ஆகும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

நான்கு நாளில் சஃபாரி லிட்டருக்கு 10.4 கிலோமீட்டர், பிக்கப் 12.1. விலையில் ஒன்று இருபத்தைந்து லட்சத்துக்கும் மேலே, மற்றது இரண்டு லட்சத்துக்கும் கீழே. இந்த இடைவெளியை டீசல் மிச்சத்தில் ஈடுகட்ட நான் சூரிய மண்டலத்தைத்தான் சுற்ற வேண்டும். பிரேக்கும் காற்றுப்பையும் புதியதில் சந்தேகமில்லாமல் மேல். அதுதான் என்னை உண்மையில் யோசிக்க வைக்கிறது. ஏழு பேர் ஒன்றாகப் போகும் வீட்டுக்கு ஐந்து இருக்கை போதாது என்பதும் அதே அளவு உண்மை.

அரிசியை இரண்டு வீடுகளில் இறக்கிவிட்டு, மாலையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மிய நூடுல்ஸான அத்தோ சாப்பிடப் போனோம். கடைக்காரர் நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த தட்டை, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வைத்தார். தட்டு 80 ரூபாய். சூப் எத்தனை முறை கேட்டாலும் தருகிறார்கள். அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் திணித்ததை மகன் ஐந்து சாப்பிட்டான்.

எங்கள் தெருவில் பிக்கப்பை நிறுத்த முடியாது என்பதால் மச்சான் கொருக்குப்பேட்டைக்குப் போய்விட்டான். நான் சஃபாரியை வாசலோடு ஒட்டி நிறுத்தி, மேல்குழாய்ப் பட்டையை ஒரு முறை கையால் திருகிப் பார்த்துவிட்டு, மேஸ்திரிக்கு வியாழக்கிழமை வண்டியை விடுவதாகச் செய்தி அனுப்பினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பின்னிருக்கையில் அம்மா விட்டுப்போன சால்வையை எடுத்து உதறி, மடித்து, மறுபடி அங்கேயே வைத்தாள்.

பத்தரை மணிக்கு மச்சானிடமிருந்து அழைப்பு. "மாமா, நாளைக்கு ஆபீஸ் போக உங்க வண்டி கெடைக்குமா? மாடி வீட்டுக்காரர் வீடு மாத்தறாராம். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பீரோவை ஏத்திட்டாங்க."